எண்பத்து நாலாம் பக்கத்து ஆமை

"ஐயா, எங்க ஏரிக்கரையில கடல் ஆமை முட்டை போடுதுன்னு எண்பத்து நாலாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. எந்த இடம்னு காட்டினா நாங்களும் போய்ப் பார்த்துக்குவோம்."

கேட்டவர் வாத்து வளர்க்கும் ஓர் அம்மாள். கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்த மண்டபத்தின் பின்வரிசையில் யாரோ சிரிக்க, அந்தச் சிரிப்பு மேடை வரைக்கும் வந்து சேர்ந்தது.

கடல் அங்கிருந்து பஸ்ஸில் ஒன்பது மணி நேரம்.

மேடையில் இருந்த ஆலோசனை நிறுவன முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. ஏரியை ஒட்டி உயர் அழுத்த மின்பாதை போகப்போகிறது. அதனால் மரத்துக்கும் மண்ணுக்கும் பறவைக்கும் என்ன கேடு வரும் என்று ஆராய்ந்து சொல்வது அவர் பொறுப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் சொல்லியும் இருந்தார். பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்து இருந்தது. ஒரு பக்கத்தையும் அவர் படித்ததில்லை. கைக்கு வேலை கொடுத்தால் போதும், கண்ணுக்கு எதற்குத் தொல்லை என்பது அவர் கட்சி.

தலைமை தாங்கிய அதிகாரி அந்த அம்மாளைச் சந்தேகமாகப் பார்த்தார். "முழுசாவா படிச்சீங்க?"

"பதினோரு நாள் ஆச்சுங்க. ஏரிக்கு வர்ற நாரை, கொக்கு, நீர்க்காகம் பத்தி எங்கயாவது இருக்கான்னு தேடினேன். விடியக்காலையில ஆயிரக்கணக்குல கிளம்பும். குறுக்க கம்பி வந்தா அடிபட்டு விழும். அதைப் பத்தி ஒரு வரி இல்ல. ஆமைதான் இருக்கு."

அதிகாரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி தன் பக்கத்தில் இருந்த உதவியாளரைப் பார்த்தார்.

"அறிக்கையைத் தொகுத்தது இவங்கதான் சார். ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இந்த அலட்சியத்துக்கு என் கம்பெனியில இடம் இல்ல. நாளையிலேர்ந்து இவங்க வேலைக்கு வர வேண்டாம்."

உதவியாளரின் முகம் வெளிறிவிட்டது. வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். என்றாலும் எழுந்து நின்று, "தப்பு என்னோடதுதான். எல்லாரும் மன்னிச்சுக்கங்க" என்றாள்.

"மூணு மாசம் தர்றேன்" என்றார் அதிகாரி. "ஏரிக்கரையில உட்கார்ந்து பறவையை எண்ணுங்க. ஆமை வந்தா அதையும் எண்ணிக்குங்க."

மறுநாள் காலை, உதவியாளர் தன் மேஜையைக் காலி செய்ய வந்தாள். முதலாளிக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அந்த ஆமையை எங்கேர்ந்து பிடிச்சீங்க?"

"போன அறிக்கையிலேர்ந்து சார். ஊர்ப் பேரை மட்டும் மாத்தினாப் போதும்னீங்க."

"போன அறிக்கை மலை ரோட்டுக்குல்ல கொடுத்தோம்?"

"அதுலயும் இருக்கு சார். ஆறாயிரம் அடி உயரத்துல முட்டை போடுது."

அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினாள். சிமெண்ட் ஆலை, கல் குவாரி, விமான நிலையம். மொத்தம் ஒன்பது. விமான நிலையத்தில் ஆமைகள் ஓடுபாதைக்குத் தெற்கே கரையேறின.

"எல்லாத்துக்கும் அனுமதி கிடைச்சிருக்கு சார்" என்றாள்.

"எனக்கு ஏன் முன்னாடியே சொல்லலை?"

"இந்த அறிக்கையை அனுப்பின மறுவாரம் அலமாரியை ஒழிக்கறப்பதான் எனக்கே தெரிஞ்சுது. திருத்தி அனுப்பலாமான்னு கேட்டேன். யாரு படிக்கப் போறான்னு சொல்லிட்டீங்க."

முதலாளி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பழியைத் தூக்கி வைக்க இன்னொரு தலை கிடைக்கும் போலிருந்தது.

"அப்ப மொதமொதல்ல இதை எழுதின மடையன் யாரு? அவனைச் சொல்லுங்க. அதிகாரிக்கு இப்பவே கடிதம் போடறேன்."

உதவியாளர் தயங்கினாள். பிறகு கீழ்த்தட்டில் கைவிட்டு, பழுப்பேறிய ஒரு நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். துறைமுகத் திட்டத்துக்கான ஆய்வுக் குறிப்பு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தையது.

முதலாளி நோட்டைப் புரட்டினார். பதிமூன்று விடியற்காலைகள், தேதி வாரியாக. மணலில் நாற்பத்தேழு தடங்கள். உடைந்த முட்டை ஒன்றின் பென்சில் படம்கூட இருந்தது. கடைசிப் பக்கத்தில், துறைமுகத்தை ஒரு மைல் தள்ளிக் கட்டவேண்டும் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. தள்ளித்தான் கட்டினார்கள்.

கையெழுத்து அவருடையது.

முதலாளி நோட்டை மூடி வைத்துவிட்டு, "இது தெரிஞ்சுமா நேத்து கூட்டத்துல வாயை மூடிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலை போயிருக்காதே."

உதவியாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இந்த நோட்டுல மட்டும்தான் சார் ஆமை நிஜம். அதைப் போய்ப் பார்த்து எழுதினவரைப் பார்த்து அத்தனை பேரும் சிரிக்கறதுக்கு எனக்கு மனசு வரலை."