மூன்றாவது ஊசி

"முட்டை வடிவ ஊசிதான்! வேற எதப் போட்டாலும் அந்தப் பாட்டுக்காரிட குரலக் கொலை செய்யிற மாதிரி" என்றார் கனகசிங்கம் மாஸ்டர்.

"உருண்டை முனைதான்!" கோணாமலை மேசையில் ஓங்கித் தட்டினார். "இது நாப்பது வருசத்து றெக்கோட். உங்கட முட்டையும் கோழியும் இதுக்குச் சரிவராது."

தன்னாமுனையில் பக்கத்துப் பக்கத்து வளவுக்காரர்களான இருவருக்கும் மூன்று வாரமாக இதே சண்டை. கோணாமலையிடம் ஒரு பாட்டுப்பெட்டியும் ஒரேயொரு பழைய அரக்கு றெக்கோட்டும் இருந்தன. பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் தனிக்குரலில் பாடிய விருத்தம். நடுவில் ஒட்டியிருந்த தாள் தேய்ந்து, பாடகியின் பெயர்கூட அழிந்துவிட்டது. பழைய ஊசி மழுங்கிய நாளிலிருந்து கோணாமலை அதைப் போடவில்லை. பிழையான ஊசி றெக்கோட்டின் வரிப்பள்ளங்களை உழுதுவிட்டால் அந்தக் குரல் போனது போனதுதான்.

மாஸ்டரின் மருமகன் லண்டனிலிருந்து முட்டை ஊசி அனுப்பியிருந்தான். கோணாமலை கொழும்பிலிருந்து உருண்டை ஊசி எடுப்பித்திருந்தார். தோற்றவர் மீசையை வழிக்க வேண்டும் என்பது பந்தயம். நடுவராகக் காத்தான்குடியிலிருந்து றேடியோ திருத்தும் ஹமீட் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் சட்டைப் பையில் ஒரு நெருப்புப்பெட்டி. அதற்குள் மூன்றாவதாக ஓர் ஊசி.

"பாலத்தடிச் சென்ரிச் சோதனையில ஆமிக்காரன் பெட்டியத் திறந்து, இது என்ன எண்டு கேட்டான். ஊசி எண்டன். அவன் தன்ட கைய முதுகுக்குப் பின்னால ஒளிச்சிட்டான்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார் ஹமீட். "நாலு மணிக்குப் பிறகு விடமாட்டாங்க, அதுக்குள்ள நான் திரும்பிப் பாலம் தாண்டணும். கெதியா முடிங்க."

இரண்டு ஊசிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டும் மெல்லிசு. பழைய றெக்கோட்ட வரி அகலம். மெல்லிசு ஊசி அடியில போய்ச் சேறு கிண்டும். என்ட தடிச்ச ஊசிதான் ரெண்டு கரையிலயும் முட்டிக்கிட்டு ஓடும். நான் சொன்னா நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிடப் போறல்ல. காதால கேட்டே முடிவெடுப்பம். எது எந்த ஊசி எண்டு நம்ம மூணு பேருக்கும் தெரியப்படாது."

அப்படியானால் ஊசி மாற்றுவது யார்? மாஸ்டரைக் கோணாமலை நம்பவில்லை. கோணாமலையை மாஸ்டர் நம்பவில்லை. ஹமீட்டை இருவருமே நம்பவில்லை. கடைசியில் அந்த வேலை கோணாமலையின் மனைவி புஸ்பத்தின் தலையில் விழுந்தது.

"ஊசி செருகியிருக்கிற காட்ரிஜ்ஜ ஒரு கையால பிடிச்சிட்டு, ஊசிய முன்னுக்கு இழுங்க தங்கச்சி. கழண்டு வரும். மூணும் இதுல ஏறும்" என்று சொல்லிக்கொடுத்த ஹமீட், மூன்று ஊசிகளையும் உள்ளறையில் வரிசையாக வைத்துவிட்டு வந்தார்.

புஸ்பம் தலையாட்டிவிட்டு, றெக்கோட்டும் பாட்டுப்பெட்டியும் இருந்த உள்ளறைக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டாள். வெகுநேரமாகியும் பாட்டு வரவில்லை.

"என்னடி செய்யிறாய்?" என்று குரல் கொடுத்தார் கோணாமலை.

"பொறுங்க, மாட்டுறன்!"

ஒருவழியாகப் பாட்டு வந்தது. மூவரும் கண்களை மூடிக்கொண்டார்கள்.

"குடத்துக்குள்ள தலைய விட்டுப் பாடுறாப் போல கிடக்கு" என்றார் மாஸ்டர். "சந்தேகமே இல்ல, இது கோணாமலைட உருண்டை ஊசிதான். கத்திய எடுங்க!"

இரண்டாவது ஊசியில் குரல் மெலிந்து, முழுக்க முழுக்க மூக்கால் வந்தது.

கோணாமலை துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா, லண்டன் ஊசிக்கு மூக்கடைச்சுத் தடிமன் பிடிச்சிட்டு! மாஸ்டர், நீங்க போய் மீசைய நனைங்க!"

மூன்றாவது ஊசி பாடத் தொடங்கியது. இரைச்சல் இல்லை, கீறல் இல்லை. பாடகி எழுந்து வந்து அடுத்த அறையில் நின்று பாடுவது போலிருந்தது. நடுவில் ஒருமுறை இருமியதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

"அல்லாஹ்வே! அந்தக் காலத்தில இருமினதையும் எடுத்துத் தருகுதே!" ஹமீட் தொடையில் தட்டினார். "இருவது வருசத் தொழில்ல இப்பிடியொரு தெளிவ நான் கேட்டதில்ல. இது என்ட ஊசி!"

"உங்கட ஊசியா? இது முட்டை!" என்றார் மாஸ்டர்.

"உருண்டை!" என்ற கோணாமலையின் கண்கள் கலங்கியிருந்தன. "இருவத்தஞ்சு வருசமாக் கேக்கிறன் மாஸ்டர். இந்தக் குரல் என்ட உயிருக்குள்ள கிடக்கு. எந்த இருட்டில கேட்டாலும் இன்னார் எண்டு சொல்லிப்போடுவன். புஸ்பம், மறுகா ஒருக்கா போடு!"

"அதே ஊசி, தங்கச்சி! கழட்டிப் போடாதீங்க!" என்று கூவினார் ஹமீட்.

பாட்டு வராததால் பொறுமையிழந்த கோணாமலை எழுந்துபோய்த் திரையை விலக்கினார்.

மூன்று ஊசிகளும் ஹமீட் வைத்த இடத்திலேயே, வைத்தபடியே கிடந்தன. றெக்கோட் இரண்டு துண்டாகக் கட்டிலில் கிடந்தது. பக்கத்தில் வெறுங்குடம் ஒன்றை மடியில் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த புஸ்பம், கணவனை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"கை தவறிட்டு. கொஞ்சம் பொறுங்க, தொண்டை வறண்டு போச்சு, ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டு மறுகா பாடுறன்."