தண்ணீர் வந்த நேரம்

கோவை நீரியல் பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆண்டும் அமெரிக்காவிலிருந்து விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. காணொளியில் நேர்காணல் நடத்தி நடத்திப் பேராசிரியர் மகிழினிக்குச் சலித்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி சொல்லிக்கொடுத்ததையே அழகாக ஒப்பித்தார்கள்.

திரையில் அமெரிக்கப் பாலைவன நகரமான பீனிக்ஸிலிருந்து ஹேட்லி வந்தாள். எதற்காக இவ்வளவு தூரம் வந்து படிக்க வேண்டும் என்று மகிழினி கேட்டு முடிப்பதற்குள், அவள் தெருவில் சங்கு ஊதியது.

"மன்னிக்கவும் அம்மா, தண்ணீர் வந்துவிட்டது" என்று பாடமாகப் படித்த தமிழில் சொல்லிவிட்டு ஓடினாள்.

"பாதியில எந்திரிச்சா ரிஜெக்ட்டுங்க மேடம். அடுத்த ஆளக் கூப்பிடட்டுங்களா?" என்றார் உதவியாளர்.

"இருங்க. உங்க வீட்டுல தண்ணி வந்தா நீங்க உக்காந்துட்டு இருப்பீங்களா?"

திரையில் தெரிந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்கள். சட்டையெல்லாம் நனைந்து ஹேட்லி திரும்பினாள்.

"எத்தன கொடம் புடிச்சே கண்ணு?"

"மாடி வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவர்களுக்கு முதலில் பிடித்தேன். எங்களுக்கு அரைக் குடம்தான் கிடைத்தது."

"நீ இங்க வந்துட்டா அவங்களுக்கு யாரு புடிப்பாங்க?"

"யாரும் இப்படி ஓடக் கூடாது அம்மா. அதற்கு வழி கற்கத்தான் வருகிறேன்."

மகிழினி உதவியாளர் பக்கம் திரும்பினார். "இப்ப அடுத்த ஆளக் கூப்பிடுங்க. இந்தப் புள்ளைக்கு எடம் குடுத்தாச்சு."