வாசலில் மாட்டிய முகமூடி

எழுதிப் பழகாத அடியேன் இங்ஙனம் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

மனநல மையத்தில் என் மனைவி பொற்கொடி, வாய்விட்டுச் சொல்லாத கோபங்களையெல்லாம் களிமண்ணில் பிசைந்து ஒரு முகமூடி செய்தாள். இனி அவற்றை முகமூடியே பேசித் தீர்க்கும். படுக்கையறையில் மட்டும் மாட்டுமாறு மருத்துவர் பணித்திருந்தார்.

ஊரிலிருந்து வந்த என் தாயார், அதன் உருட்டு விழிகளைக் கண்டு திருஷ்டி பொம்மை என்றெண்ணி, வாசலில் மாட்டிவிட்டார்.

காலையில் வீட்டு உரிமையாளர் வந்தார்.

"ஓனர் சார், மோட்டாரைப் போடாம மூஞ்சியை மட்டும் காட்ட வந்துட்டீங்களா?" என்றது முகமூடி. பிறகு, கோலமிட்டுக்கொண்டிருந்த தாயாரை நோக்கி, "அத்தை, என் சாம்பாரைக் குறை சொல்லத்தான் பஸ் ஏறி வர்றீங்களா?" என்றது.

மாமியாரை ஒருநாளும் எதிர்த்துப் பேசியறியாத பொற்கொடி முகமூடியின் வாயைப் பொத்த ஓடிவந்தாள். உறவே முறிந்தது என்று நானும் அஞ்சினேன். தாயார் முகமூடியை உற்று நோக்கினார்.

"ஏண்டி, களிமண்ணு மிச்சம் இருக்கா? எனக்கும் சொல்ல வேண்டியது நெறைய கெடக்கு."

இப்போது புதிய வீட்டின் கூடத்தில் இரு முகமூடிகள் எதிரெதிரே தொங்குகின்றன. ஒன்றையொன்று ஏசி ஓய்ந்தபின், இரண்டும் சேர்ந்து என்னை ஏசுகின்றன. மாமியாரும் மருமகளும் முறுக்கைக் கடித்தபடி கேட்டு மகிழ்கிறார்கள்.

இழந்தவை: பழைய வாடகை வீடு, என் பகலுறக்கம், கொஞ்சநஞ்சமிருந்த மரியாதை.