ஒருமை

பென்சிலால் எழுதியிருந்த ‘இஸ்’ஸை அடித்துவிட்டு, அதன் மேலே ‘ஆர்’ என்று எழுதினாள் ராஜகுமாரி.

விண்ணப்பதாரரும் அவர் மனைவியும் ஒப்பந்தப்படி இந்தியா போய்க் குடியேறச் சம்மதிக்கிறார்கள் என்பது செய்தி. ஆள் இரண்டு. வினை ஒருமையில் நிற்கக் கூடாது.

கண்டித் தபால் கந்தோருக்கு எதிரே, துணிக்கடை முகப்பில் டைப்ரைட்டர் போட்டு ஏழு வருசமாகிறது. எழுவாய் ஒரு பக்கமும் வினை ஒரு பக்கமும் இழுக்கிற கடிதம் ஒன்றைக்கூட அவள் இதுவரை கையைவிட்டு அனுப்பியதில்லை.

கடிதத்துக்கு உரியவர் வீரய்யா. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மனைவி அழகம்மாவோடு வந்திருந்தார். அடித்து முடித்ததும், முத்திரை வாங்கி வருவதாகச் சொல்லித் தெருவைக் கடந்து போனார்.

அவர் தலை மறையும்வரை பார்த்திருந்த அழகம்மா மேசையருகே குனிந்தாள்.

“அம்மா, எம்பேர எடுத்துடுங்க. அவரு மட்டும் போறாருன்னு அடிங்க.”

ராஜகுமாரி நிமிர்ந்து பார்த்தாள்.

“மகளும் மருமகனும் இங்கயே இருக்கத்தான் எழுதிக் குடுத்திருக்காங்க. அவ இப்ப முழுகாம இருக்கா. ரெண்டு பிள்ளையப் பறிகுடுத்தவம்மா. நானும் போயிட்டா அவளுக்கு யாரு?”

“அதை அவர்கிட்டயே சொல்லலாமே?”

“சொன்னா அவரும் நின்னுடுவாரு. தோட்டத்துல அவரு பேர வெட்டி ரெண்டு வருசமாச்சு. ஒரு வேலையில்லாம லயத்து வீட்டு வாசல்ல உக்காந்தே தேஞ்சு போறாரு. அங்க அண்ணன் காணி இருக்கு. அங்கயாவது மனுசனா இருக்கட்டும்.” அழகம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அவருக்கு இங்கிலீசு தெரியாது. விசயம் தெரிய வர்றப்போ கப்பலுக்கு நாள் குறிச்சிருப்பாங்க.”

ஒரு மனிதனுக்குத் தெரியாமல் அவன் கடிதத்தை மாற்றுவதா? முடியாது என்று சொல்லத்தான் ராஜகுமாரி வாயைத் திறந்தாள். அழகம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

புதுத் தாள் ஒன்றை மெசினில் செருகினாள்.

கடிதத்திலிருந்து மனைவி போனாள். ‘ஆர்’ மறுபடியும் ‘இஸ்’ ஆனது. ‘தே’ வந்த இடமெல்லாம் ‘ஹி’ வந்தது. மிச்சமிருந்த வினைகளின் வாலில் ஒவ்வொரு ‘எஸ்’ஸாக ஒட்ட வேண்டியிருந்தது.

இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை.

பழைய தாளைக் கசக்கி, மேசை லாச்சியை இழுத்து உள்ளே போடவும் வீரய்யா திரும்பி வரவும் சரியாக இருந்தது.

“முடிஞ்சுதாம்மா?”

தலையை மட்டும் ஆட்டி, தாளை நீட்டினாள். அழகம்மா தாளையும் பார்க்கவில்லை, புருசனையும் பார்க்கவில்லை. முகப்பின் ஓரத்துக்குப் போய், முதுகைக் காட்டியபடி தெருவில் போகும் பஸ்களைப் பார்த்து நின்றாள்.

வீரய்யா தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு விரல் முதல் வரியின் கீழே மெல்ல ஊர்ந்தது. நடுவில் ஓரிடத்தில் நின்றது.

‘இஸ்’ இருந்த இடம்.

விரல் வெகுநேரம் அங்கேயே இருந்தது. பிறகு அடுத்த வரிக்கு இறங்கியது. கடைசி வரிவரை போய் முடித்துவிட்டு, முதுகைக் காட்டி நிற்கும் மனைவியை ஒருமுறை பார்த்தார்.

ராஜகுமாரி லாச்சியை மெல்ல மூடினாள்.

“பங்களாக் குசினியில இருவது வருசம் சமையல் வேல பாத்தேன்மா,” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். “தொர படிச்சுப் போட்ட இங்கிலீசு பேப்பர்ல நாலு எழுத்துப் பழகினேன். தெரிஞ்சா வேல போயிருமேன்னு யாருக்கும் சொல்லல. அவளுக்கும் சொல்லல.”

“ஐயா, நான்...”

“பரவால்லம்மா. மகளுக்கு அவ வேணும். இத நானே சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல.”

தாளை மேசையில் வைத்து, சுருக்கம் விழாமல் நீவிவிட்டார். பிறகு மனைவியின் காதில் விழும்படி குரலை உயர்த்தினார்.

“என்னா எழுதியிருக்கோ, நமக்கு என்னா தெரியும்! கை நாட்டு எங்க வைக்கணும்மா?”

கேட்டுக்கொண்டே, இடது கைப் பெருவிரலை மைப்பெட்டியை நோக்கி நீட்டினார்.