கைக்கு அடக்கமானது

சமையலறைக் கதவு வரை வந்திருந்த பூட்ஸ் தடத்தை லாய்ட் செல்போனில் படம் பிடித்தே கொண்டுவந்திருந்தான். துப்பாக்கிக் கடை பெவ் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"ஆம்பளைக் காலு. பனியில நல்லாவே பதிஞ்சிருக்கு. பூட்டை உடைச்சானா?"

"ஒரு கீறல் இல்ல. இன்னிக்கு விடியக்காலையில லாரியை நிறுத்திட்டுப் பின்பக்கமா வர்றேன், இது கண்ணுல படுது. திங்கக்கிழமை கிளம்புனா நான் வெள்ளிக்கிழமைதான் வீடு திரும்பறேன். அதுவரைக்கும் இவ தனியாத்தான் கெடக்கறா. சின்னதா, விலை கொறைச்சலா ஒண்ணு குடுங்க."

"மீட்டர் பார்க்க வந்தவனா இருக்கும்," என்று அவன் மனைவி டோரீன் அலுத்துக்கொண்டாள். "இதுக்குப் போய் துப்பாக்கியா? நான் அதைத் தொட்டதுகூட இல்ல. பார்த்தாலே பயமா இருக்கு."

லாய்ட் மட்டும் என்ன கண்டான்? வருஷத்துக்கு ஒரு தரம் மான் வேட்டைக்குத் தூக்கும் நீளத் துப்பாக்கியோடு சரி. கைத்துப்பாக்கி வாங்க வந்தது அவனுக்கும் இதுதான் முதல் தடவை.

இந்த விஷயத்தில் கரை கண்டவன் எதிர்வீட்டு வெர்ன். வேட்டை முகாமில் யார் எந்தத் துப்பாக்கியை நீட்டினாலும் வாங்கி, தோட்டா இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்ப்பான். காலி என்றால், கதவைத் தட்டுவதுபோல் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, "வீட்ல யாருமில்ல" என்பான். வருஷக்கணக்காக அதே ஜோக், லாய்டும் வருஷக்கணக்காக விழுந்து விழுந்து சிரிக்கிறான். முகாமில் நடப்பதை முகாமிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் கட்டுப்பாடு. அதனால் வீட்டில் இதைப் பற்றி அவன் மூச்சு விட்டதில்லை.

வெர்னைத் துணைக்குக் கூட்டி வரலாம் என்றால் டோரீன் ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். நன்றித் திருநாள் விருந்தில் அவன் குடித்துவிட்டு அவளுடைய கம்பளத்தில் குழம்பைக் கொட்டியதிலிருந்து அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "அந்த ஆளு வந்தா நான் வண்டியை விட்டே இறங்க மாட்டேன்," என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

லாய்டுக்கும் இந்தத் தடவை வெர்ன்மேல் மனத்தாங்கல்தான். வீட்டை ஒரு கண் பார்த்துக்கொள் என்று நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனால், எதிர்வீட்டிலேயே இருந்துகொண்டு, "நான் ஒண்ணும் பார்க்கலியேப்பா" என்று கையை விரிக்கிறான். இவ்வளவுதானா சிநேகிதம் என்று லாய்ட் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தான்.

உள்ளங்கையில் மறைந்துவிடும் அளவுக்கு ஒன்றை பெவ் எடுத்து வைத்தாள். அதன் விலை லாய்டுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"சின்னதா இருக்கறதால சாதுன்னு நினைச்சுடாதீங்க தம்பி. இதுதான் கையை ஜாஸ்தி உதைக்கும். ரெண்டு தடவை சுட்டுட்டு இந்தப் பொண்ணு அலமாரியில போட்டுப் பூட்டிடும்."

அடுத்ததை டோரீன் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினாள். மேல்பாகத்தைப் பின்னால் இழுக்கச் சொன்னபோது முகம் சிவக்க இழுத்தாள். அது அசையவில்லை.

"பார்த்தியா, நமக்கு இதெல்லாம் ஒத்துவராது. பேசாம ஒரு நாய் வாங்கிக்கலாம் லாய்ட்."

"நாயும் வாங்குவோம், இதுவும் இருக்கட்டும். நீ தனியா இருக்கேன்னு நினைச்சா எனக்கு ரோட்டுல கண்ணு போக மாட்டேங்குது டோரீன்." அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பெவ் மூன்றாவதாக ஒன்றை எடுத்தாள். கொஞ்சம் பழசு, அதனால் விலையும் கட்டுப்படியாகும்.

"இழுக்க லேசு, கைக்கு அடக்கம். கோட்டுக்குள்ள வெச்சாலும் புடைக்காது." தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு முறை பார்த்துக்கொண்டு டோரீனிடம் நீட்டினாள். "நான் பார்த்தாச்சு. ஆனாலும் நீயும் பார்க்கணும் கண்ணு. கை மாறும்போதெல்லாம் வாங்கறவங்க பார்த்தே ஆகணும். இந்தக் கடையில அதுதான் சட்டம்."

டோரீனின் கண் அதற்குள் சுவரில் தொங்கிய தோல் உறைகளுக்குப் போய்விட்டது. "அந்தச் சிவப்பு உறை இதுக்குப் பொருந்துமா?"

"எதையாவது சீக்கிரம் எடும்மா," என்றான் லாய்ட். "ஓட்டல்ல வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கூட்டம் அள்ளும். அப்புறம் உக்கார இடம் கிடைக்காது."

"ஆமா, போன வாரமே நின்னுக்கிட்டுத்தான் தின்னோம்," என்று சிரித்துக்கொண்டே டோரீன் துப்பாக்கியை வாங்கினாள். வாங்கிய வேகத்தில் அதன் வாய்முனை தரையைப் பார்த்தது. விரல் விசையைத் தொடாமல் ஓரமாக நீண்டது. மேல்பாகம் ஒரே இழுப்பில் பின்னால் போனது.

பெவ் புருவத்தை உயர்த்தினாள். லாய்டுக்கோ பெருமை தாங்கவில்லை. "அடேங்கப்பா!" என்று வாயைத் திறந்தான்.

டோரீன் போகிற போக்கில் உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மறுபடியும் சிவப்பு உறையைப் பார்த்தபடி, விரல் முட்டியால் துப்பாக்கியின் முதுகில் இரண்டு தட்டு தட்டினாள்.

"வீட்ல யாருமில்ல."