அட்மிட் பண்ணியிருக்கோம்

"எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க உமா மிஸ். சாயங்காலம் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரேன்."

லிசி இப்படிக் கேட்பது முதல் தடவை அல்ல. உமாமகேஸ்வரி டிபன் பாக்ஸை மூடியபடி, அங்கே யாரையும் உள்ளே விடுவதில்லை என்றாள்.

ஸ்ரீரங்கத்தில் உள்ள அந்தப் பள்ளியில் உமா ஆங்கிலம் எடுத்தாள், லிசி கணக்கு. திங்கட்கிழமை காலை, மாமியார் மயிலம்மாளை அட்மிட் பண்ணியிருப்பதாக உமா ஸ்டாஃப் ரூமில் சொன்னாள். அன்றிலிருந்து எல்லோரும் அவளிடம் தணிந்த குரலில்தான் பேசினார்கள். ஹெச்.எம். அவளுடைய கடைசி பீரியடை வேறொருவருக்கு மாற்றிவிட்டார். ரத்தம் தேவைப்பட்டால் எந்த நேரமும் கூப்பிடலாம் என்றார் பி.டி. மாஸ்டர் ரெஜிஸ். ஆயா சந்திரம்மாள் பெரிய கோயிலில் வேண்டிக்கொண்டு, துளசியைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து கையில் வைத்தாள். உமாவால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மதியம் ஒன்பதாம் வகுப்பில், ஒரே வினைச்சொல் பல பொருளில் வருவது பற்றிய பாடம். புத்தகத்தில் கொடுத்திருந்த சொல் 'அட்மிட்'. வேறு சொல்லாக இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு. பள்ளியில் சேர்ப்பது, ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, அரங்கத்துக்குள் அனுமதிப்பது என்று மளமளவென்று போர்டில் எழுதிவிட்டு, அடுத்த சொல்லுக்குப் போகப் பார்த்தாள்.

கலைமதி என்ற மாணவி எழுந்தாள். "மிஸ், இன்னொண்ணு விட்டுட்டீங்க. செஞ்ச தப்பை ஒத்துக்கிறதுக்கும் அட்மிட்தானே?"

முகம் சுட்டது உமாவுக்கு. ஆமாம் என்று சொல்லி, போர்டின் மூலையில் பொடி எழுத்தில் அதையும் எழுதினாள்.

சாயங்காலம், சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் லிசி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை ஸ்டாஃப் எல்லோருமாகச் சேர்ந்து மாமியாரைப் பார்க்க வருவதென்று ஹெச்.எம். முடிவு செய்திருப்பதாகச் சொன்னாள். காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் மாட்டி நின்றது. இனி உமா எந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்வாள்?

"அது ஆஸ்பத்திரி இல்ல லிசி," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. "முதியோர் இல்லம். அத்தைக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், கேஸை மூட மறந்துடுறாங்க, தனியா விட பயம்னு எங்களுக்கு நாங்களே சொல்லிக்கிட்டோம். விட்டுட்டுக் கிளம்புறப்ப, எப்ப வந்து கூட்டிட்டுப் போவீங்கன்னு கேட்டாங்க. பதில் சொல்லாமலே வந்துட்டேன்."

என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று உமா காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியும் மிஸ்," என்றாள் லிசி கடைசியில். "நீங்களாச் சொன்னா நானும் சொல்லிடலாம்னுதான் கேட்டுட்டே இருந்தேன். ஞாயித்துக்கிழமை நீங்க அத்தையை அந்த இல்லத்துக்குக் கூட்டிட்டு வந்தப்ப, உங்களைப் பாத்துட்டு கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். அவங்களுக்குப் பக்கத்துக் கட்டில் எங்க அம்மாவோடது."