மைக்கேல் வூட்டு விவகாரம்

"அத்தே, நம்ம மைக்கேலுக்கு இன்னொரு பொண்டாட்டி இருந்திருக்கா!"

மரிய செலின் லேப்டாப்பை விட்டு அடுப்படிக்கு ஓடி வந்து சொன்னாள். மீன் ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் மதலேனாளின் கையிலிருந்து சங்கரா மீன் நழுவிச் சட்டிக்குள் விழுந்தது.

"அடப்பாவி! அந்த எல்லன் இன்னாடி பாவம் பண்ணா? ஏழு புள்ள பெத்துக் குடுத்தாளே!"

வெளியிலிருந்து கேட்பவர்கள் சொந்தக்காரர் வீட்டில் ஏதோ குடி முழுகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் மைக்கேல் டியர்னி செத்து நூற்று முப்பது வருஷமாகிறது. அயர்லாந்துப் பஞ்சத்தில் அடிபட்டு, 1849இல் கப்பலேறி அமெரிக்காவில் போய்க் குடியேறியவர் அவர்.

செலினுக்கு இதுதான் பிழைப்பு. வில்லியனூர் பக்கத்துக் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு, வெளிநாட்டுக் குடும்பங்களின் பூர்வீகத்தை இன்டர்நெட்டில் தேடிப் புத்தகமாக எழுதிக் கொடுப்பாள். மூன்று மாதத்துக்கு முன்னால் நோரா என்ற வயதான அம்மாள் கூப்பிட்டு, மைக்கேலின் கதை முழுவதும் வேண்டும், ஒன்றையும் விட்டுவிடாதே என்று இந்த வேலையை ஒப்படைத்திருந்தாள்.

அன்று முதல் மதலேனாள் சீரியல் பார்ப்பதை விட்டுவிட்டாள். மைக்கேல் ரயில் பாதைக்கு மண் வெட்டினார், விஸ்கான்சினில் காடழித்து நாற்பது ஏக்கர் திருத்தினார், எல்லனைக் கட்டினார் என்று தினமும் மதியச் சாப்பாட்டோடு ஒரு அத்தியாயம். "நாப்பது ஏக்கரா? தண்ணிக்கு இன்னாடி பண்ணான்?" என்று நடுநடுவே விசாரிப்பாள்.

இப்போது கிடைத்திருப்பது 1856ஆம் வருஷத்து அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்த 'காணவில்லை' அறிவிப்பு. 'அயர்லாந்து கிளேர் ஜில்லாவிலிருந்து ஏழு வருஷத்துக்கு முன் வந்த மைக்கேல் டியர்னி எங்கிருக்கிறார் என்று தெரிந்தவர்கள் எழுதவும். மனைவி பிரிட்ஜெட்டும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில் காத்திருக்கிறார்கள்.'

அதற்கு இரண்டு வருஷம் முன்பே, தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று கோயில் பதிவேட்டில் எழுதிக் கொடுத்து எல்லனுக்கு மோதிரம் போட்டிருந்தார் மைக்கேல். அறிவிப்பின் அடியில் இருந்த ஊர்ப் பெயரும் அப்பன் பெயரும் பதிவேட்டோடு அச்சு அசலாகப் பொருந்தின. செலின் மூன்று தடவை சரிபார்த்துவிட்டாள்.

நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த புருஷன் அருண் சேவியர் சத்தம் கேட்டு எழுந்து வந்தான்.

"இத மட்டும் எழுதாத செலின். 'உங்க பாட்டி எல்லன் கல்யாணமே செல்லாது'ன்னு அந்த நோராம்மாகிட்ட சொல்லுவியா? ரிவ்யூல கிழிச்சிடுவாங்க. அப்புறம் ஒரு ஆர்டர் வராது."

"ஒன்னையும் விடாதேன்னு அவங்கதானே சொன்னாங்க?"

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க. அந்தம்மா கூப்புடறதே மதியம் ரெண்டு மணிக்கு. அமெரிக்கால அப்ப விடியக்காலம் மூணரை. ஏற்கெனவே தூக்கம் வராத மனுஷி, இதக் கேட்டா நெஞ்ச புடிச்சிக்கும்."

"வயசானா எவளுக்குடா தூக்கம் வருது?" என்றாள் மதலேனாள். "நீ எழுதுடி. புள்ளைங்கள வச்சிக்கினு ஏழு வருசம் வழி பாத்திருக்கா. அவ பேர அழிக்க நீ யாருடா?"

செலினுக்கு முடிவெடுக்க முடியவில்லை. பஞ்சத்திலேயே போய்விட்டாள் என்று பிரிட்ஜெட்டை ஒரு வரியில் சாகடித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு தடவை அந்த வரியைத் தட்டச்சு செய்துவிட்டு அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் யார் யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று சனங்கள் எழுதிக் கொடுத்த கருத்துகளைச் சாமியார் வாசித்துக்கொண்டே வந்தவர், ஒரு சீட்டில் தடுமாறி நின்றார். "மரித்த... பிரிட்ஜெட் அம்மாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக." கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மதலேனாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு ஏஞ்சல் மேரி மதலேனாளைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கா அது? உங்க சொந்தமா?"

"தூரத்து சொந்தம்."

"எம்மாந்தூரம்?"

"கடலுக்கு அந்தாண்ட."

செலினுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. வீட்டுக்கு வந்தவள் புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்து, பிரிட்ஜெட்டுக்கென்று ஒரு முழு அத்தியாயம் எழுதினாள்.

திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வழக்கம்போல நோராவின் குரல் வந்தது. செலின் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்கினாள். கதவோரம் நின்ற அருண், 'வேணாம், கட் பண்ணு' என்று கையால் வெட்டிக் காட்டிக்கொண்டே இருந்தான்.

'காணவில்லை' அறிவிப்பையும் வாசித்து முடித்தாள். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"போச்சு," என்று தலையில் கைவைத்துக்கொண்டு அருண் தரையில் உட்கார்ந்தான்.

நோரா பேச ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் பேசினாள். செலினால் "யெஸ் மேடம்" என்பதற்கு மேல் வாயைத் திறக்க முடியவில்லை. அழைப்பு முடிந்த பிறகும் வாயைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள்.

மதலேனாள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "இன்னாடி, திட்டிட்டாளா?"

"அவங்க அமெரிக்காவே இல்லத்தே, அயர்லாந்து. நம்ம பிரிட்ஜெட்டோட வம்சம்!"